ரேடியோ மேசையின் ஒற்றை நாற்காலி

மார்லிஸ் வேலையை விடப்போகிறாள் என்பது எனக்குத் தெரிந்ததே பெரும்பாடு. எங்கள் பஸ் ஷெட்டில் யாரும் எதையும் நேராகச் சொல்வதில்லை. காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று கோப்பையையே பார்த்துக்கொண்டு, "இந்த வசந்தத்துல தோட்டத்துல வேலை நெறைய இருக்கும் போல" என்றாள். மறுநாளும் அதையே சொன்னாள். வெளியே இடுப்பளவு பனி கிடக்கும்போது தோட்டத்தைப் பற்றி எதற்கு இவ்வளவு பேச்சு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"வேலைய விடப் போறியா?"

"விடறதுன்னு இல்ல. மேனேஜர் கர்டிஸ் காதுல போட்டு வெச்சேன். ஈஸ்டர் லீவு வரைக்கும் இருப்பேன்."

"ஏன்?"

அவள் வலது தோளை இடது கையால் மெல்லப் பிடித்துக்கொண்டாள். "வயசாச்சு ரோசான். வண்டி பழசானா சத்தம் வரத்தானே செய்யும்."

நான் பிறந்தது நியூ ஜெர்சி. கல்யாணமாகி இந்த மினசோட்டா மண்ணுக்கு வந்தேன், இரண்டு பிள்ளைகளும் வளர்ந்து வேறு ஊருக்குப் போயும் விட்டார்கள். எல்லாம் மாறினாலும் வாய் மட்டும் பிறந்த வீட்டு வாய்தான். எங்கள் பக்கத்தில் ஒருவர் காலை ஒருவர் மிதித்துவிட்டால் மிதிபட்டவர் கத்துவார். இங்கே மிதிபட்டவர்தான் மன்னிப்புக் கேட்பார். இத்தனை வருஷமாகியும் எனக்கு அது பழகவில்லை.

பள்ளிக்கூட பஸ்கள் எந்தத் தெரு வழியாகப் போகவேண்டும் என்று திட்டம் போடுவது என் வேலை. எனக்கு எதிர்மேசையில் மார்லிஸ். அவள் முன்னால் ரேடியோ, கம்ப்யூட்டர், திரையில் ஊரின் வரைபடம், அதில் ஊர்கிற மஞ்சள் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு பஸ். விடியற்காலையிலிருந்து நண்பகல் வரை அந்த பஸ்கள் அத்தனைக்கும் அவள்தான் தாய். பனிக்காற்றில் சாலையே தெரியாமல் ஒரு புது டிரைவர் பயந்து நின்றுவிட்ட காலை, "நீங்க நிக்கற எடத்துக்கு எனக்கு வழி தெரியும், மெதுவா வாங்க, நான் பேசிக்கிட்டே இருக்கேன்" என்று சொல்லி, மாவு பிசைகிற பக்குவத்தைப் பற்றிப் பேசியே அவரைப் பள்ளிக்கூட வாசலில் கொண்டுவந்து சேர்த்தாள். பஸ்ஸில் இருந்த பிள்ளைகளுக்குப் பயப்பட வேண்டிய விஷயம் நடந்ததே தெரியாது. அந்தக் குரல் இல்லாத காலையை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. எனக்கு அழுகை வந்தது. எனக்கு அழுகை வந்தால் கூடவே கோபமும் வரும்.

வலி உண்மைதான். அதில் சந்தேகமில்லை. கூப்பிட்டால் தலை திரும்பாது, ஆளே திரும்புவாள். காபிக் கோப்பையை இரண்டு கையாலும் தூக்குவாள். கடைசி பஸ் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை இறக்கிவிட்டது என்று தெரிந்தவுடன் முகம் வெளிறிப்போய்க் கண்ணை மூடிக்கொள்வாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் நான் என் கணவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மார்லிஸ்தான் ஆர்கன் வாசிப்பவள். காலை ஆராதனை இரண்டுக்கும் அவளே. விரல்கள் பறக்கின்றன, கால்கள் அடியிலுள்ள மிதிகட்டைகள் மேல் ஓடுகின்றன. நடுவில், பாதிரியார் மேடைக்கு வந்துவிட்டாரா என்று தலையைத் திருப்பிப் பார்த்தாள். தலையை மட்டும். உடம்பு அசையவே இல்லை.

பிரசங்கத்தில் ஒரு வார்த்தையும் என் காதில் ஏறவில்லை. முடிந்ததும் கீழ்த்தளத்தில் காபிக்கு வந்தவளை மடக்கினேன்.

"கழுத்து வலிக்கலயா?"

"ஞாயித்துக்கெழம அவ்வளவா தெரியறதில்ல."

"ஏன், வயசுக்கு ஞாயித்துக்கெழம லீவா?"

அவள் சிரித்துவிட்டு, தட்டில் கடைசியாகக் கிடந்த எலுமிச்சை கேக் துண்டைப் பாதியாக வெட்டி ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கொண்டாள். அடுத்து வந்தவர் மிச்சப் பாதியைப் பாதியாக வெட்டினார். இங்கே கடைசித் துண்டை முழுசாக எடுக்கத் துணிந்தவரை நான் கண்டதே இல்லை.

திங்கள்கிழமை காலை என் வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு அவளையே பார்த்தேன். இத்தனை வருஷம் எதிரே உட்கார்ந்திருந்தும் நான் பார்க்காதது அப்போதுதான் கண்ணில் பட்டது. அவள் நாற்காலியில் உட்காரவே இல்லை, அதன் நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தாள். முதுகுச் சாய்வு எங்கோ பின்னால் படுத்துக் கிடந்தது. மேசை கிட்டத்தட்ட அவள் மார்பளவுக்கு இருந்தது. கீபோர்டைத் தொட வேண்டுமானால் தோள் இரண்டையும் காதுவரை தூக்க வேண்டும். மவுஸுக்குக் கை நீட்டினால் உயரமான கைப்பிடியில் முழங்கை இடிக்கும், அதைத் தாண்டி எட்ட வேண்டும். மூக்குக்கண்ணாடியின் கீழ்ப்பாதி வழியாகத் திரையைப் படிப்பதற்காக மோவாயை வேறு மேலே தூக்கி வைத்திருந்தாள். யாரோ "கையைத் தூக்கு" என்று துப்பாக்கியைக் காட்டிய மாதிரி காலை முழுக்க இருந்தால் யாருக்குத்தான் வலிக்காது?

"மார்லிஸ், அந்த நாற்காலிய உன் வசதிக்கு மாத்தி வெச்சுக்கக் கூடாதா?"

அவள் வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "ஐயோ, அது வெர்லின் வெச்ச அளவு. அவருக்கு இடுப்பு சரியில்ல. நான் மாத்தினா அவருக்கு என்ன ஆகும்?"

"மாத்திட்டுப் போறப்போ திருப்பி வெச்சிட்டுப் போயேன்."

"அச்சா அதே மாதிரி வெக்க முடியுமா? ஒரு விரக்கடை மாறினாலும் அவருக்குத் தெரிஞ்சிடும். வாய் திறந்து சொல்லவும் மாட்டார், பாவம்."

வெர்லின் மத்தியான ஷிஃப்ட்காரர். அதே மேசை, அதே ரேடியோ, அதே நாற்காலி. பீட்ரூட் விவசாயம் செய்து, நிலத்தைத் தம்பி மகன் கையில் கொடுத்துவிட்டு இங்கே வந்தவர். வாசலில் குனிந்துதான் நுழைவார், அவ்வளவு உயரம். வாயிலிருந்து ஒரு நாளைக்கு ஒரு பிடி வார்த்தை வந்தால் அதிகம். ரேடியோவுக்கு அது போதும், டிரைவர்களுக்கு அவர் சொன்னால் சொன்னதுதான்.

அன்று நண்பகல் அவர் வந்தார். வழக்கம்போல் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, மார்லிஸ் எழுந்திருக்கும்வரை சுவர் ஓரமாக நின்றார். அவள் கோப்பையைக் கழுவப் போனதும் உட்கார்ந்தார். நான் எழுந்து போய் அவர் பக்கத்தில் நின்றேன். முழங்கால் இரண்டும் மேசையின் அடிப்பலகையில் முட்டிக்கொண்டிருந்தன. முதுகு வில்லாக வளைந்திருந்தது. பெரியவர் ஒருவர் பாலர் வகுப்பு நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

"இப்படியா தெனமும் உட்கார்றீங்க? இடுப்பு என்னத்துக்கு ஆகும்?"

"பரவால்ல."

இந்த ஊரில் "பரவால்ல" என்றால் எலும்பு முறிந்திருக்கிறது என்று அர்த்தம்.

"கொஞ்சம் ஒசத்தி வெச்சுக்கிட்டா என்ன?"

அவர் தன் கையைப் பார்த்தார். "இது மார்லிஸ் வெச்ச அளவு. குட்டையானவங்க. கழுத்து வேற வலி. நான் கேட்டா உடனே மாத்திடுவாங்க. அதான் கேக்கல."

கோப்பை கழுவிக்கொண்டிருந்த மார்லிஸைக் கையைப் பிடித்து இழுத்துவந்து அவர் முன்னால் நிறுத்தினேன்.

"இப்ப ரெண்டு பேரும் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்க. இந்த நாற்காலிய இந்த அளவுக்கு வெச்சது யாரு?"

மார்லிஸ் வெர்லினைப் பார்த்தாள். வெர்லின் மார்லிஸைப் பார்த்தார்.

"நீங்கதானே?" என்றாள் அவள்.

"இல்லீங்க. நீங்கதானே?" என்றார் அவர்.

"நாற்காலி வந்த மறுநாள் காலையில நான் உட்கார்றப்பவே இப்படித்தான் இருந்துச்சு. முந்தின நாள் சாயங்காலம் நீங்க வெச்சிட்டுப் போயிருப்பீங்கன்னு..."

"முந்தின நாள் எனக்கு லீவு. நான் மத்தியானம் வந்து பாத்தேன், காலையில நீங்க வெச்சிருப்பீங்கன்னு..."

பின்னாலிருந்து ஒரு உறிஞ்சல் சத்தம் கேட்டது. மெக்கானிக் ஆர்லோ கோப்பையில் காபியை நிரப்பிக்கொண்டு நின்றிருந்தான். குட்டைக் கால், பெரிய தொப்பை, எந்த நேரமும் சிரிக்கிற முகம்.

"அந்த நாற்காலியா? பெட்டியப் பிரிச்சுப் பூட்டினது நான்தானே" என்றான்.

"பூட்டிட்டு?"

"பூட்டிட்டு அதுல உட்கார்ந்து சாண்ட்விச் தின்னேன். தொப்பைக்கு எடம் வேணும்ல? முதுகப் பின்னால சாச்சேன், கைப்பிடிய மேல தூக்கினேன், கால் எட்டற மாதிரி கீழ எறக்கினேன். நல்லா வாட்டமா இருந்துச்சு. அப்புறம் வர்றவங்க அவங்கவங்களுக்கு மாத்திக்குவாங்கன்னு நெனச்சேன்." ஒரு மடக்குக் குடித்தான். "மாத்திக்கலயா?"

இத்தனை வருஷமாக இந்த இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுப்பதாக நினைத்துக்கொண்டு ஆர்லோவின் தொப்பைக்கு மரியாதை செய்திருக்கிறார்கள். மார்லிஸ் முதலில் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் பொத்தியும் பயனில்லாமல் சிரித்தாள். சிரித்தால் கழுத்து வலிக்கிறது என்று கழுத்தைப் பிடித்துக்கொண்டே சிரித்தாள். வெர்லினிடமிருந்து சத்தம் வரவில்லை, ஆனால் தோள்கள் குலுங்கின.

சிரிப்பு அடங்கியதும் மார்லிஸ் சொன்னாள், "அப்படின்னா மொதல்ல நீங்க உங்களுக்கு வெச்சுக்கங்க வெர்லின்."

"இல்ல இல்ல, நீங்க மொதல்ல."

"உங்களுக்கு இடுப்பு."

"உங்களுக்குக் கழுத்து."

"ரெண்டு பேரும் வாய மூடுங்க. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். உங்க ஊர்ல பிள்ளைங்க எப்படித்தான் வளர்ந்துச்சோ" என்றேன். "மார்லிஸ், வந்து உட்காரு."

பஸ்கள் எல்லாம் காலை நடையை முடித்துக் கொட்டகைக்குத் திரும்பியிருந்தன, ரேடியோ சும்மா இருந்தது. என் கணக்கு எளிமையானது. குட்டையான ஆளுக்குத் தாழ்ந்த நாற்காலி. பாதம் தரையில் பதிய வேண்டும், அவ்வளவுதானே. நான் குனிந்து அடியில் இருந்த பிடியை இழுத்தேன். நாற்காலி புஸ்ஸென்று மூச்சை விட்டுக்கொண்டு இறங்கியது. மார்லிஸின் பாதம் தரையில் அழகாகப் பதிந்தது. மேசைக்கு மேலே அவள் கண்ணும் மூக்கும் மட்டும் தெரிந்தன.

"மார்லிஸ், அங்கதான் இருக்கியா?" என்றான் ஆர்லோ. "கயிறு கீயிறு போடட்டுமா?"

எனக்கு எரிச்சலாக வந்தது. அவன் மேல் இல்லை, என் மேல். அப்போதுதான் தேவாலயம் ஞாபகம் வந்தது.

"ஆர்கன் முன்னாடி எப்படி உட்காருவே? அந்த மாதிரி உட்காரு. மேசைய மறந்துடு."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் உடம்பு தானாக வேறு உடம்பாயிற்று. முதுகு நிமிர்ந்தது. தோள் இறங்கியது. முழங்கை இரண்டும் விலாவுக்குப் பக்கத்தில் இலேசாகத் தொங்கின, முன்கைகள் சமமாக நீண்டன, விரல்கள் அங்கே இல்லாத ஆர்கன் கட்டைகள் மேல் இறங்கின.

"அங்க பெஞ்ச நானே தூக்கி வெச்சுக்குவேன்" என்றாள் கண்ணைத் திறக்காமல். "கை கட்டைக்குச் சமமா வர்ற வரைக்கும். அத வேற யாரும் வாசிக்கறதில்ல, அதனால யாருக்கும் தொந்தரவு இல்ல."

கண்ணைத் திறந்து பார்த்தாள். விரல்கள் மேசைக்கு வெகு கீழே இருந்தன.

"மேசை எறங்காது" என்றாள் மெல்ல. "அப்ப நான்தான் ஏறணும்."

தன் கையாலேயே அந்தப் பிடியை எட்டிப் பிடித்தாள். உடம்பைக் கொஞ்சம் எழுப்பி இழுத்ததும் நாற்காலி அவளோடு சேர்ந்து மேலே வந்தது. ஆர்லோ வைத்திருந்த அளவைத் தாண்டிப் போயிற்று. இன்னும் மேலே போயிற்று. முழங்கை மேசைக்குச் சமமாக வந்ததும் நிறுத்தினாள். இப்போது கை சரி, ஆனால் கால் இரண்டும் அந்தரத்தில் ஆடின.

ஆர்லோ பின்கட்டுக்குப் போனான். உடைப்புக்குப் போன பழைய பஸ் ஒன்றின் ஏறுபடியைத் தூக்கிக்கொண்டு வந்தான். வரிவரியாக ரப்பர் போட்ட படி. அதை மேசைக்கு அடியில் தள்ளி, அவள் பாதம் இரண்டும் அதில் அமர்ந்ததும், "ஏறியாச்சு, கதவச் சாத்தலாம்" என்றான்.

அதற்குப் பிறகு எங்களுக்குப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. கைப்பிடிகளை மேசைக்கு அடியில் போகும் அளவுக்கு இறக்கினோம், முழங்கை இடிப்பது நின்றது. முதுகுச் சாய்வில் ஒரு மேடு உண்டு. அது இதுவரை அவள் தோள்பட்டை உயரத்தில் யாரையும் தொடாமல் நின்றது. அதைக் கீழே இறக்கி இடுப்பு வளைவில் பொருத்தினோம், சாய்வையும் நிமிர்த்தி முன்னே கொண்டுவந்தோம். இருக்கையின் விளிம்பு முழங்காலுக்குப் பின்னால் கடித்தது. அதை உள்ளே தள்ளி, இடையில் மூன்று விரல் நுழையும்படி வைத்தோம். மவுஸைக் கீபோர்டுக்கு ஒட்டி நகர்த்தினோம். திரையைப் பார்க்க இப்போது மோவாயைத் தூக்க வேண்டியிருக்கவில்லை. அவள் உயர்ந்துவிட்டாள், அதனால் அது தானாகச் சரியாகிவிட்டது.

அவள் மெல்லப் பின்னால் சாய்ந்தாள். சாய்ந்து அப்படியே இருந்தாள்.

"என்ன?" என்றேன்.

"ஒண்ணும் தெரியல."

"என்ன தெரியல?"

"தோள் இருக்கறதே தெரியல ரோசான்."

அடுத்து வெர்லின். அவர் மூன்று முறை மறுத்த பிறகு உட்கார்ந்தார். மார்லிஸுக்கு வைத்த உயரத்தில் முழங்கால் இறங்கிவிட்டது, ஆனால் அவர் உடம்பு நீளத்துக்கு இப்போது மேசை தாழ்வாகிப்போய்க் கூன் விழுந்தது. கொஞ்சம் இறக்கினோம். பாதம் தரையில் நின்றது, முழங்கை மேசைக்கு வந்தது. ஆர்லோ நாடாவை வைத்து அளந்தான். மறுபடி அளந்தான்.

"இந்தக் கூத்தப் பாருங்க. வாசல்ல குனியற ஆளுக்கு நாற்காலி கீழ, இந்தக் குருவிக்கு மேல."

அவன் நாற்காலி பூட்டிய நாளில் வைத்தது இந்த இரண்டுக்கும் கீழே. அதைக் கேட்டதும் எனக்கு ஆத்திரம் திரும்ப வந்தது. "உங்க ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர், ஒரே ஒரு நாள், தன் சுகத்துக்காக அந்தப் பிடிய இழுத்திருந்தா, இன்னொருத்தருக்கும் பாதி வலி போயிருக்கும். நல்லவங்களா இருந்தே ஒருத்தர ஒருத்தர் கொன்னிருக்கீங்க."

இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள். ஆர்லோ ஒரு மரச்சட்டத்தை வெட்டி, இருக்கையின் உயரத்துக்கு இரண்டு கோடு போட்டு, மேலே "மா", கீழே "வெ" என்று எழுதி மேசைக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தான். வந்தவர் வந்தவுடன் தன் கோட்டுக்கு மாற்றிக்கொள்ள வேண்டியது, அவ்வளவுதான் என்று நான் சட்டம் போட்டேன்.

மறுநாள் காலை நான் வந்தபோது மார்லிஸ் நாற்காலியையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள். இருக்கை மேல்கோட்டில் இருந்தது. பஸ் படி அவள் காலுக்குத் தோதாக உள்ளே தள்ளி வைக்கப்பட்டிருந்தது. முந்தின நாள் வேலை முடிந்து போகும்போது வெர்லின் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நண்பகல் வந்தது. மார்லிஸ் எழுந்தாள், மண்டியிட்டாள், சட்டத்தை வைத்துப் பார்த்து இருக்கையைக் கீழ்க்கோட்டுக்கு இறக்கினாள், படியை நகர்த்தினாள், அப்புறம்தான் குளிர்ச் சட்டையை எடுத்து மாட்டினாள். வெர்லின் சுவர் ஓரமாகத் தொப்பியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

தனக்காக என்றால் ஒரு திருகைக்கூடத் தொடமாட்டார்கள். அடுத்தவருக்காக என்றால் மண்டியிடுவார்கள். நான் போட்ட சட்டம் ஒரு நாள்கூட நடக்கவில்லை. எனக்கு அதில் துளிக்கூட வருத்தமில்லை.

ஓரிரு வாரத்தில் அவள் கோப்பையை ஒற்றைக் கையால் எடுக்க ஆரம்பித்தாள். ஒரு காலை நான் பின்னாலிருந்து கூப்பிட்டபோது தலையை மட்டும் திருப்பி, "என்ன?" என்றாள். நான் கூப்பிட்ட காரணத்தை மறந்துவிட்டேன். ரேடியோவில் நடுநடுவே தேவாலயப் பாட்டை முணுமுணுக்கத் தொடங்கினாள். "மேடம், வால்யூம கொஞ்சம் ஏத்துங்க" என்று ஒரு டிரைவர் கேட்டார்.

"சரி, வலி போயிடுச்சு. கர்டிஸ்கிட்டப் போய், நான் போகலன்னு சொல்லிடு" என்றேன்.

அவள் முகம் சுருங்கிவிட்டது. "எப்படிச் சொல்றது? கேக்குக்குச் சொல்லியாச்சு. டிரைவர்கள் எல்லாம் சேர்ந்து தோட்டத்துக்கு ஒரு தள்ளுவண்டி வாங்கி வெச்சிருக்காங்களாம், எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டு இருக்காங்க. இப்பப் போய் மாத்திப் பேசினா எல்லாருக்கும் சங்கடம்."

"உனக்குப் போகணும்னு இருக்கா?"

திரையில் ஊர்ந்த மஞ்சள் புள்ளிகளைப் பார்த்தாள். "பஸ் எல்லாம் பத்திரமா போய்ச் சேர்ந்துச்சுன்னு தெரியாம எனக்குக் காலைக் காபி எறங்காது" என்றாள். கண் நிறைந்துவிட்டது. "நீ யார்கிட்டயும் சொல்லக் கூடாது. சத்தியம் பண்ணு."

பண்ணிக்கொடுத்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த முட்டாள்தனங்களில் அதுவும் ஒன்று. சத்தியத்தை மீறாமல் கர்டிஸின் வாயைக் கிளறிப் பார்த்தேன். தங்கமான மனுஷன் அவர், அதுதான் அவரிடம் உள்ள குறை. "அவ போறது உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டேன்.

"அவங்க முடிவு. போகாதீங்கன்னு நான் சொன்னா அவங்களுக்குப் பாரமா இருக்கும்" என்றார். அவர் முகத்தைப் பார்த்தால் மூன்று நாள் பட்டினி கிடந்தவர் மாதிரி இருந்தது. அந்த இடத்துக்கு வேறு ஆளைத் தேடவும் இல்லையாம். தேடினால் மார்லிஸை அவசரமாகத் துரத்துகிற மாதிரி ஆகிவிடுமாம்.

யாரோ சாண்ட்விச் தின்ன உட்கார்ந்த அளவிலேயே ஊர் மொத்தமும் உட்கார்ந்திருந்தது. எனக்குப் பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்தது.

கடைசி நாளும் வந்தது. நண்பகலில் டிரைவர்கள் கிட்டத்தட்ட எல்லாரும் காபி அறையில் கூடினார்கள். தள்ளுவண்டி நடுவில் நின்றது, மேலே சிவப்பு ரிப்பன். கர்டிஸ் பேசினார். நல்ல பேச்சுத்தான், ஆனால் பாதியில் "அவ்வளவுதான்" என்று நிறுத்திவிட்டார். மார்லிஸ் எல்லாருக்கும் நன்றி சொன்னாள். புன்னகையை முகத்தில் ஆணியடித்து மாட்டியிருந்தாள். எல்லாரும் கைதட்டினார்கள். எல்லாரும் துக்க வீட்டில் நிற்பது போல் நின்றார்கள். நான் வாயில் கேக்கை அடைத்துக்கொண்டேன், அது ஒன்றுதான் வழி.

"வெர்லின், நீங்களும் ஒரு வார்த்தை பேசுங்க" என்றார் கர்டிஸ், மரியாதைக்காக.

வெர்லின் சுவரை விட்டு வந்தார். தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"எனக்கு ஒரு சந்தேகம்" என்றார். "இன்னிக்கு சாயங்காலம் நான் போறப்போ நாற்காலிய யாருக்கு ஒசத்தி வெக்கணும்?"

டிரைவர்கள் கர்டிஸைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"புதுசா வர்றவங்களுக்கு..." என்று கர்டிஸ் இழுத்தார்.

"யார் வராங்க?"

"இன்னும் யாரும் இல்ல."

"அப்ப நான் மார்லிஸுக்குத்தான் வெப்பேன்." அவர் காது இரண்டும் பழுத்துச் சிவந்தன. தொப்பியைச் சுற்றுவது நின்றது. "இத்தன வருஷத்துல நான் இங்க எதையும் கேட்டதில்ல. இப்பக் கேக்கறேன். அவங்க போக வேண்டாம். எனக்காகத்தான் கேக்கறேன். வேற யாருக்காகவும் இல்ல."

அவர் "எனக்காக" என்று சொல்லி அந்த ஷெட்டில் யாரும் கேட்டதில்லை. மார்லிஸ் முகத்திலிருந்த புன்னகை கழன்று விழுந்தது. கர்டிஸைப் பார்த்தாள்.

"உங்களுக்குத் தொந்தரவு இல்லன்னா..." என்று ஆரம்பித்தாள். நான் அவள் முழங்கையில் நறுக்கென்று கிள்ளினேன். அவள் மூச்சை இழுத்து நிமிர்ந்தாள். "எனக்குப் போக வேண்டாம் கர்டிஸ். எனக்கு இங்கயே இருக்கணும்."

கர்டிஸ் நாற்காலியைத் தேடித் தொப்பென்று உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். "நல்லது" என்றார். "ரொம்ப நல்லது." டிரைவர்கள் இந்த முறை நிஜமாகவே கைதட்டினார்கள், கூரைப் பனி உதிர்ந்திருக்கும். நான் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு வாய்விட்டு அழுதேன். ஆர்லோ தள்ளுவண்டியில் என்னை ஏற்றி வெளியே கொண்டுபோகலாமா என்று கேட்டான்.

பக்கத்து அறையில் ரேடியோ கரகரத்தது. மத்தியான நடைக்கு முதல் பஸ் கிளம்பத் தயாராக இருந்தது. வெர்லின் திரும்பினார். மார்லிஸ் அவருக்கு முன்னால் ஓடிப்போய், ஈரக் கண்ணோடு மண்டியிட்டு, அவருக்காக நாற்காலியை இறக்கி வைத்தாள்.